அம்புக்குறி போட்ட துவைகல்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கல் நட்டிருக்கிறது. முழங்கால் உயரம், தலையில் ஓர் அம்புக்குறி. அதன்மேல் யாரும் உட்காரக் கூடாது, துணி காயப்போடக் கூடாது, ஆட்டைக் கட்டக் கூடாது என்று நான் சட்டம் போட்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள், "இன்னா டீச்சரம்மா, ஒரு கல்லுக்கு இவ்ளோ மரியாதயா?" என்று சிரிப்பார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அதே கல்லில் அழுக்குத் துணியை அடித்துத் துவைத்தவள் நான் என்று தெரிந்தால் இன்னும் சத்தமாகச் சிரிப்பார்கள்.

இந்த ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே நடக்க வேண்டும். எனக்கு ஊர்ப் பால்வாடியில் டீச்சர் வேலை. என் வீட்டுக்காரருக்கு மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியும்போதே ஓடுவார். மாமியார் வீட்டில் மூன்று மருமகள்கள், ஒரே அடுப்பு. சண்டை வருவதற்கு வேறு காரணமே வேண்டியதில்லை. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம்.

ஊரின் கிழக்குக் கடைசியில் காலியாகக் கிடந்த இடத்தில், எங்களைப்போலத் தனிக்குடித்தனம் தேடியவர்கள் வரிசையாக வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப்பக்கமிருந்து எண்ணினால் எங்களுடையது ஒன்பதாவது வீடு, அதுதான் கடைசி. அதற்கு அப்பால் மேய்க்கால். ஊர் மாடுகள் மேய்வதற்கென்று விட்டிருந்த பொது நிலம் அது. அதில் யாருக்கும் பட்டா கிடையாது. ஊர்க்குடியிருப்புக்கான நத்தம் எங்கே முடிகிறது, மேய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று எங்களில் ஒருவர்கூட யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடப் போகிறார்களே என்ற பயம்தான்.

வீட்டுக்குக் கயிறு பிடித்து அளந்தபோது, அடுப்படிக்கு வாசல் வைக்கக் குறித்த இடத்தில் சரியாக ஒரு கல் நின்றது. அடுப்படி தென்கிழக்கில் அக்னி மூலையில்தான் வர வேண்டும். அதில் மட்டும் என் மாமியாருக்கும் எனக்கும் கருத்து வேற்றுமையே கிடையாது. கல்லைத் தடவிப் பார்த்த மேஸ்திரி, "அம்புக்குறி போட்டுகீதும்மா. சர்க்கார் கல்லு மாரி கீது" என்று இழுத்தார்.

"சர்க்காரா வந்து இங்க சமைக்கப் போவுது? எடுங்க" என்றேன்.

மேஸ்திரியும் என் வீட்டுக்காரரும் கடப்பாரை போட்டு அதை நெம்பி எடுத்தார்கள். அக்னி மூலையை நகர்த்த முடியாது, கல்லை நகர்த்தலாம் என்பது எனக்கு அன்றைக்கு அவ்வளவு சாதாரணமாகத் தோன்றியது. பிடுங்கிப் படுக்கப்போட்டால் ஒரு பக்கம் நல்ல வழவழப்பு. கொல்லையில் அடிபம்புக்குப் பக்கத்தில் நாலு செங்கல் அடுக்கி, அதன்மேல் ஏற்றி, துவைகல்லாக வைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் அப்படியொரு கல் யாரிடமும் இல்லை. காலையில் இட்லி சுட்டு விற்கும் பக்கத்து வீட்டு அக்கா, போர்வை துவைக்க வேண்டும் என்றால் என் வீட்டுக்குத்தான் வருவார். என் இரண்டு பிரசவத்துக்கும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தவர் அவர். கல்லை அவருக்கு நான் இரவல் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வது எங்களுக்குள் ஒரு வேடிக்கை.

அடுத்ததாக மாட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரிலேயே அதிக மாடு வைத்திருந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் இருப்பார். காலையில் சைக்கிளில் பால் கேனோடு எங்கள் தெருவுக்கு வருவார். என் பெரியவன் கைக்குழந்தையாக இருந்தபோது, கலப்புப் பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரே மாட்டுப் பாலைத் தனிச் சொம்பில் கொண்டுவந்து ஊற்றியவர். பேச்சு மட்டும் காசு கொடுத்தாலும் வராது. "ஊத்தட்டா?" என்பார், ஊற்றுவார், போவார்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷத்துக்குள் எங்கள் பக்கம் எல்லாமே மனையாகிவிட்டது. கேழ்வரகு விளைந்த நிலத்தில் கலர்க் கொடி பறந்தது. மனை விற்கிற ஒரு கூட்டம் மேய்க்காலின் கிழக்குப் பாதியில் கம்பி வேலி போட்டு, பலகையும் மாட்டிவிட்டது. மாடுகள் வேலியோரமாக நின்று உள்ளே இருக்கும் புல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும். மாட்டுக்காரர் மனுக் கொடுத்துப் பார்த்தார், அலைந்து பார்த்தார். கடைசியில் சென்னைக்குப் போய் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டார். மேய்க்காலில் உள்ள ஆக்கிரமிப்பு அத்தனையும் அகற்றப்பட வேண்டும் என்பது வழக்கு.

அத்தனையும் என்றால் எங்கள் ஒன்பது வீடும் சேர்த்துத்தான் என்பது, எங்கள் கதவுகளில் நோட்டீஸ் ஒட்டியபோதுதான் தெரிந்தது. பால்வாடியிலிருந்து ஓடி வந்தேன். என் கதவில் பசைகூடக் காயவில்லை. தெருவில் படித்தவள் நான்தான் என்பதால் எல்லாரும் கிழித்தெடுத்த காகிதத்தோடு என்னைச் சுற்றி நின்றார்கள். உரக்கப் படித்தேன்.

"ஆக்கிரமிப்பாளர்னா இன்னாம்மா?" என்று கேட்டார் இட்லி அக்கா.

"திருடின்னு அர்த்தம்" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த அக்காவின் முகம் சுருங்கியதை நான் மறக்கவில்லை. மழைக்கு ஒழுகுகிறது என்று அப்போதுதான் ஓலையைப் பிரித்துவிட்டு ஓடு போட்டிருந்தார்.

மறுநாள் காலையில் சைக்கிள் மணி கேட்டதும் வாசலுக்குப் போனேன். "உம்மாடு மேயணும்னா எம்புள்ளைங்க தெருவுல நிக்கணுமா? இனிமே இந்தத் தெருவுல கால வெக்காத!" என்று கத்தினேன். அண்ணே என்று கூப்பிட்டவரை ஒருமையில் திட்டினேன். அவர் கேனைச் சரியாகக் கட்டிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். அன்றிலிருந்து ஒன்பது வீட்டிலும் பாக்கெட் பால். பால் சொம்பைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

செங்கல்பட்டில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். எங்கள் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, "மேய்க்காலாக இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. நத்தத்தில்தான் இருக்கிறோம் என்று காட்டினால் மட்டும் வீடு தப்பும். முதலில் அளக்கச் சொல்லிக் கேட்போம்" என்றார். சென்னையில் அவருக்குத் தெரிந்த இன்னொரு வக்கீல் மூலம் ஹைகோர்ட்டில் அப்படியே கேட்டார். முறையாக அளந்து, எல்லை தெரிந்த பிறகு அகற்றலாம் என்று உத்தரவு வந்தது. உயிர் திரும்பியது போலிருந்தது. மாமல்லபுரம் போய் எல்லாரும் கடலில் கால் நனைத்துவிட்டு வந்தோம். என்னத்துக்கென்று யாருக்கும் தெரியாது.

அளக்கிற நாள் வந்தது. சர்வேயர் தெற்கத்திக்காரர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேகமாக நடப்பார். கூடவே ஊர் விஏஓ, சங்கிலி பிடிக்கத் தலையாரி. ஒரு பக்கம் நாங்கள் ஒன்பது வீட்டார். மறுபக்கம் மாட்டுக்காரர் தனியாக, கையைக் கட்டிக்கொண்டு. சர்வேயர் நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை இட்லி அக்காவின் பெஞ்சில் விரித்து, சுற்றி நின்ற எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்.

"ஏரிக்கரையில ஒரு கல்லு. இந்த வீட்டு வரிசைக்குக் கிழக்கால பெரிசா ஒரு கல்லு, தலையில அம்புக்குறி இருக்கும். நத்தமும் மேய்க்காலும் பிரியிற எடம் அதுதான். அத மொதல்ல தேடுங்க."

எல்லாரும் முள்ளுக்குள் புகுந்து தேடப் போனார்கள். நான் மட்டும் போகவில்லை. அன்று காலையில் துவைத்த துணி அப்போதும் அந்தக் கல்லின்மேல் கிடந்தது. ஒருவருக்கும் தெரியாமல் கொல்லைக்குப் போய், ஈரப் பெட்ஷீட் ஒன்றை விரித்துக் கல்லை மூடினேன். சர்வே கல்லைப் பிடுங்குவது குற்றம் என்று நோட்டீசோடு அலைந்த நாட்களில் எங்கேயோ படித்திருந்தேன்.

ஒரு மணி நேரம் தேடியும் கல் கிடைக்கவில்லை. ஏரிக்கரைக் கல்லை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்றார் சர்வேயர். கரையை உயர்த்தியபோது அது நகர்ந்து சாய்ந்திருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அங்கே இருந்தது அது ஒன்றுதான். சங்கிலி நீண்டுகொண்டே வந்தது. கடைசியில் கோடு முதல் வீட்டின் மேற்குச் சுவரோரமாகப் போயிற்று. ஒன்பது வீடும் மேய்க்கால்.

இட்லி அக்கா அழவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து, தன் வீட்டு ஓட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "கல்ல காட்டிடு. ஆனா முருங்க மரத்தாண்ட இருந்துச்சின்னு சொல்லு. ஒம்போது வூடும் தப்பிச்சிக்கும்."

முருங்கை மரம் எங்கள் பின்சுவருக்கும் கிழக்கே இருபதடி. கல் நின்றதோ அடுப்படி வாசலில். உண்மையைச் சொன்னால் மற்ற எட்டு வீடும் நத்தத்துக்குள் வந்துவிடும். எங்களுக்கு மட்டும் அடுப்படியும் அதை ஒட்டிய அறையும் போய், முன்கூடம் மிஞ்சும். முருங்கை மரம் என்றால் எல்லாருக்கும் எல்லாம் மிஞ்சும். என்னை நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம். எவ்வளவு அருமையான யோசனை என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

சர்வேயரைக் கொல்லைக்கு அழைத்துப் போய்ப் பெட்ஷீட்டை இழுத்தேன். அவர் குனிந்து அம்புக்குறியை விரலால் தேய்த்தார். விரலில் சோப்பு ஒட்டியது.

"ஏம்மா, இத்தன வருசமா கவர்மென்ட் மேலயா சோப்பு போட்டுக்கிட்டிருந்தீங்க?"

விஏஓவே சிரித்துவிட்டார். சர்வேயர் சிரிக்காமல் நிமிர்ந்தார். "சரி, எங்க இருந்து எடுத்தீங்க?"

முருங்கை மரத்தைக் காட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். அப்போது மாட்டுக்காரர் கண்ணில் பட்டார். அவர் என்னையும் பார்க்கவில்லை, சர்வேயரையும் பார்க்கவில்லை. என் அடுப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்குத் தெரியும் என்று எனக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. இந்த இடத்தில் வீடுகள் வருவதற்கு முன்னாலேயே இங்கே மாடு மேய்த்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? தூக்கிய கை தானாக இறங்கியது. கூச்சத்தில் உடம்பே சுருங்கியது.

"அடுப்படி நிலை நிக்குது பாருங்க சார், அங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதோடு முடிந்துவிடவில்லை. "நீங்க வழக்குல ஒரு கட்சி. உங்க வார்த்தைய மட்டும் நம்பி நான் எழுத முடியாதும்மா. வேற யாராவது பாத்தவங்க உண்டா?" என்று கேட்டார் சர்வேயர். கல்லைப் பிடுங்கிய மேஸ்திரி எந்த ஊரில் இருக்கிறாரோ. தெருவில் மற்ற எல்லாரும் எங்களைப்போலவே வழக்கில் மாட்டியிருப்பவர்கள். "எதிர்த்தரப்பு ஒத்துக்கிட்டா எழுதலாம்" என்று அவரே மெதுவாகச் சேர்த்தார்.

எல்லாத் தலையும் மாட்டுக்காரர் பக்கம் திரும்பியது. அவர் தெரியாது என்று சொன்னால் போதும், தலையை ஆட்டினால்கூடப் போதும். ஒன்பது வீடும் போய், அவர் கேட்ட மேய்க்கால் முழுசாக அவர் மாடுகளுக்குக் கிடைத்துவிடும். தெருவில் வைத்து ஒருமையில் திட்டியவளின் வீடும் அதோடு போகும்.

அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தார். எங்கள் வீட்டுக்குள் அவர் நுழைந்தது அதுதான் முதல் தடவை. கூடத்தைத் தாண்டி வந்து, அடுப்படி நிலைக்குக் கீழே நின்று, காலால் தரையைத் தட்டினார்.

"இங்கதான் சார். சின்ன புள்ளையில மாட்ட வுட்டுட்டு இந்தக் கல்லும்மேலதான் குந்திகினு இருப்பேன். வெயிலு ஏற ஏறக் கல்லு சுடும், எழுந்துடுவேன். இந்த எடந்தான்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. விஏஓ எழுதிக்கொண்டார், மாட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். அந்த இடத்திலிருந்து படத்தின்படி அளந்துகொண்டு போய், கோயில் குளத்தோரம் மண்மூடிக் கிடந்த இன்னொரு கல்லைச் சர்வேயர் தோண்டிக் கண்டுபிடித்து, அதிலிருந்து திரும்ப ஒரு தடவை சரிபார்த்தார்; படத்தில் உள்ள அளவு சாண் பிசகாமல் என் நிலைவாசலில் வந்து நின்றது. முருங்கை மரம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். எட்டு வீடு நத்தம், ஒன்பதாவது பாதி என்று அறிக்கை எழுதினார். கல் இடம் மாறிக் கிடந்ததாக எழுதினாரே தவிர, பிடுங்கியவள் பெயரை எழுதவில்லை. "இனிமே அக்கினி மூலைய வேற எங்கயாச்சும் பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் அவரை நன்றியோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

கூட்டம் கலைந்ததும் மாட்டுக்காரர் பின்னாலேயே ஓடினேன். "அண்ணே, எட்டு வூடு நத்தம்னு தெரிஞ்சிகினே ஏன் கேஸ் போட்டீங்க? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நான் வேலி போட்டவன் மேலதான் குடுத்தேன். வக்கீலு எல்லாத்தையும் சேத்து எழுதிட்டாரு" என்றார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "சொல்லலாம்தான். யாரு எங்கிட்ட வந்து கேட்டீங்க? பாலையே நிறுத்திட்டீங்க."

 

கம்பி வேலியைப் பிடுங்க ஜேசிபி வந்தது. எங்களுக்கு, நாங்களே இடித்துக்கொள்ள ஒரு வாரம் கொடுத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டு வீட்டு ஆண்களும் பெண்களும் விடிந்ததும் விடியாததுமாகக் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். ஒரு செங்கல்கூட உடையாமல் கழற்றி அடுக்கினார்கள். நான் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்தார்களோ என்னவோ, ஆளுக்கொரு வேலை சொல்லி என்னை உட்காரவே விடவில்லை. புது அடுப்படிக்கு இடம் எங்கே என்று தெரியாமல் முழித்தோம். தன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் தான் புழங்கிய சந்துப் பாதையைக் காட்டி, "இங்க கட்டு. நான் அந்தாண்ட சுத்திப் போய்க்கிறேன். எத்தினி போர்வ ஒங்கல்லுல தொவச்சிருப்பேன்" என்றார் இட்லி அக்கா. அந்தச் சந்துக்கும் சேர்த்துத்தான் பின்னால் அவருக்குப் பட்டா வந்தது. அதைத் திருப்பிக் கேட்கிற பேச்சே அவர் வாயில் இதுவரை வரவில்லை. அக்னி மூலைக்காகச் சர்க்கார் கல்லைப் பிடுங்கியவள் இப்போது மேற்கு மூலையில் சமைக்கிறேன். சாம்பார் ருசியில் ஒரு குறையும் இல்லை.

தலையாரி வந்து கல்லைப் பழைய இடத்தில் நட்டுவிட்டுப் போனார். வீட்டுக்குள் வாசலாக இருந்த இடம் வெளியே கொல்லையாகிவிட்டது. கல்லுக்கு அந்தப் பக்கம் மாடுகள் மேய்ந்தன. அதைப் பார்த்து எனக்கு வயிறெரியும் என்று நினைத்திருந்தேன். எரியவில்லை. மற்ற எட்டு வீட்டுக் கூரையும் நிற்கிறதே என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. ஆனால் துணி துவைக்கத்தான் கல் இல்லை. பக்கெட்டில் ஊறவைத்துக் கையால் கசக்கிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலையில் வாசலில் மாட்டு வண்டிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் மாட்டுக்காரர். வண்டியில் ஒரு கருங்கல் பலகை. பக்கத்தில் பால் கேன். என் வீட்டுக்காரரும் அவரும் பிடித்து இறக்கி, எல்லைக்கு இந்தப் பக்கம் தப்பியிருந்த அடிபம்புக்குப் பக்கத்தில் அதே செங்கல் மேல் வைத்தார்கள். அவர் கையைத் தட்டிக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னார்.

"மாட்டுக் கொட்டாய் படிக்கல்லு. இத எந்த எல்லையிலயும் நட்டதில்ல. தைரியமா அடிச்சித் தொவ."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.  உள்ளே போய்ப் பரணிலிருந்து பால் சொம்பை எடுத்துவந்து, ஒரு வருஷத்துத் தூசியை அந்தப் புதுக்கல்லின் மேலேயே வைத்துக் கழுவி, அவர் முன்னால் நீட்டினேன்.

"ஊத்தட்டா?" என்றார்.